வாசகர் கேள்வி – பதில்: பி.எஸ்சி. நர்சிங்கில் சேர என்ன தகுதி வேண்டும்?

பிளஸ் டூ முடிவுகள் வெளியானதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை செவிலியர் பட்டப்படிப்பைப் பற்றியவையாகவே இருக்கின்றன. அவற்றுள் பலருக்கும் பொதுவான கேள்விகளைத் தேர்ந்து இந்த இதழில் பதில் தருகிறேன். தொடங்கும் முன், இரண்டு செய்திகளைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். யார் விண்ணப்பிக்கலாம் என்பதை வரையறுப்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிமுறை. அது நாடு முழுவதற்கும் ஒன்றுதான். விண்ணப்பித்தவர்களில் யாருக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பதை முடிவு செய்வது, தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால், தகுதியுள்ள பிள்ளைகள் விண்ணப்பிக்காமலேயே இருந்துவிடுகிறார்கள். தகுதி பொருந்தாத படிப்புக்குப் பெற்றோர் முன்பணம் கட்டிவிட்டு அலைகிறார்கள்.

என் மகள் இயற்பியலில் 44, வேதியியலில் 41, உயிரியலில் 58, ஆங்கிலத்தில் 39 மதிப்பெண் பெற்றிருக்கிறாள். ஒவ்வொரு பாடத்திலும் 45 வேண்டும், ஆகவே பி.எஸ்சி. நர்சிங்குக்கு விண்ணப்பிக்க முடியாது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்கிறார். அவளுடைய ஆசிரியையோ மொத்தத்தில் 45 விழுக்காடு இருந்தால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு தாய், மன்னார்குடி

இருவர் சொல்வதிலும் பாதிதான் சரி. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்று பாடங்களையும் சேர்த்து 45 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் தனியாகத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். விதி இவ்வளவுதான். ஒவ்வொரு பாடத்திலும் 45 என்பது விதியில் இல்லை. ஆறு பாடங்களின் மொத்தத்தை வைத்துக் கணக்கிடுவதும் சரியன்று; தமிழிலும் கணிதத்திலும் வாங்கிய மதிப்பெண் இந்தக் கணக்குக்குள் வராது.

உங்கள் மகளின் மதிப்பெண்ணைக் கூட்டிப் பாருங்கள்: 44, 41, 58 சேர்ந்தால் 143. முந்நூறுக்கு 135 இருந்தாலே 45 விழுக்காடு ஆகிவிடும். அவளுக்கு ஏறத்தாழ 47.7 விழுக்காடு இருக்கிறது. ஆங்கிலத்தில் தேர்ச்சிக்குரிய 35-ஐத் தாண்டியிருக்கிறாள். ஆக, அவள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடிப் பிரிவு மாணவர்களுக்கு 40 விழுக்காடு, அதாவது 300-க்கு 120 போதும். தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனிப் பாடங்களாகப் படித்தவர்கள், அவை இரண்டும் சேர்ந்து உயிரியல் என்ற ஒரு பாடத்தின் இடத்தில் வைக்கப்படும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 47.7 விழுக்காடு விண்ணப்பிக்கும் தகுதியைத் தரும்; அரசுக் கல்லூரியில் இடத்தை உறுதி செய்யாது. கலந்தாய்வில் இடங்கள் தரவரிசைப்படியும் இடஒதுக்கீட்டின்படியும் நிரம்பும். அரசுக் கல்லூரி இடங்களுக்குப் போட்டி மிகக் கடுமையாக இருக்கும். அதனால் அரசுக் கல்லூரிகளை மட்டும் குறித்துவிட்டு நிறுத்திவிடாமல், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களையும் விருப்பப் பட்டியலில் சேருங்கள். அவற்றுக்கான கட்டணத்தை அரசு அமைத்த குழு நிர்ணயிக்கிறது என்பதால், நிர்வாக ஒதுக்கீட்டில் கேட்கும் தொகையைவிட அது குறைவாகவே இருக்கும். விருப்பப் பட்டியலை நிரப்பும்போது உங்களுக்கு உண்மையில் எது முதலில் வேண்டுமோ அதை முதலில் எழுதுங்கள். மதிப்பெண் குறைவாயிற்றே என்று பயந்து நல்ல கல்லூரியைக் கீழே தள்ளிவிட்டால், கிடைக்கவிருந்த இடமும் கைநழுவிப் போகலாம்.

நான் நீட் எழுதவில்லை. நீட் மதிப்பெண் இல்லாமல் பி.எஸ்சி. நர்சிங் சேர முடியாது என்றும், "நீட் இல்லாத சீட்" ஒன்றை வாங்கித் தருவதாகவும் ஒருவர் சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு மாணவி, திண்டுக்கல்

கொடுக்காதீர்கள். இலவசமாகக் கிடைப்பதைத்தான் அவர் உங்களுக்கு விலைக்கு விற்கப் பார்க்கிறார். தமிழ்நாடு அரசின் கலந்தாய்வில் பி.எஸ்சி. நர்சிங் இடங்கள் இதுவரை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் நிரப்பப்பட்டு வருகின்றன. நர்சிங் கவுன்சிலின் 2021-ஆம் ஆண்டு விதிமுறை நுழைவுத் தேர்வைப் பற்றிப் பேசுகிறது என்பதும், வேறு சில மாநிலங்களில் அப்படித் தேர்வு நடப்பதும் உண்மை. அதை வைத்துத்தான் இப்படிப்பட்டவர்கள் பயமுறுத்துகிறார்கள்.

நீட் தேவைப்படும் இடங்களும் உண்டு. புதுச்சேரி ஜிப்மரில் நர்சிங் பட்டப்படிப்புக்கு நீட் மதிப்பெண் கேட்கிறார்கள். ராணுவச் செவிலியர் பணிக்கான நான்காண்டுப் படிப்பும் அப்படியே; அது பெண்களுக்கு மட்டுமானது. எய்ம்ஸ் நிறுவனங்கள் தனியாக நுழைவுத் தேர்வு நடத்துகின்றன, அதற்குத் தகுதி மதிப்பெண்ணும் கூடுதல். வேலூர் சி.எம்.சி. தனக்கென்று தனி விண்ணப்பம் வைத்திருக்கிறது. இந்தியாவில் நர்சிங்கைப் பட்டப்படிப்பாக முதன்முதலில் 1946-இல் தொடங்கிய இரண்டு கல்லூரிகளில் அதுவும் ஒன்று. மற்றொன்று டெல்லியில் இருக்கிறது.

பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருக்கும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டம் 2023-இல் நிறைவேறிவிட்டது. பழைய 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் அது முழுமையாக நடைமுறைக்கு வரும்போது சேர்க்கை முறையும் மாறக்கூடும். ஆகவே அக்கா சேர்ந்தபோது இருந்த முறையே நமக்கும் இருக்கும் என்று எண்ணிவிடாமல், உங்கள் ஆண்டில் வெளியாகும் தகவல் தொகுப்பேட்டைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

அரசுப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் படித்துத் தேர்ச்சி பெற்றேன். இரண்டு ஆண்டுகள் மருத்துவமனைக்குப் போய்ச் செய்முறைப் பயிற்சியும் எடுத்திருக்கிறேன். பி.எஸ்சி. நர்சிங்குக்கு விண்ணப்பிக்கப் போனால், மதிப்பெண் பட்டியலில் இயற்பியலும் வேதியியலும் இல்லை, தகுதியில்லை என்கிறார்கள். நர்சிங் படித்தவளுக்கே நர்சிங் இல்லையா?
– ஒரு மாணவி, விருத்தாசலம்

இந்தக் கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் பதில் எழுத மனம் கனக்கிறது. உங்களிடம் சொன்னது விதிப்படி சரிதான். பட்டப்படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் கட்டாயம். பத்தாம் வகுப்பு முடித்துப் பிரிவைத் தேர்ந்தெடுத்த அன்று இதை உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான் பெரிய தவறு. "நர்சிங்" என்ற பெயரைப் பார்த்து நம்பிக்கையோடு அந்தப் பிரிவில் சேரும் பெண்களுக்கு, அது எந்தப் படிப்புக்கு வழிவிடும், எதற்கு விடாது என்பதைச் சேர்க்கைப் படிவத்தைக் கையில் கொடுக்கும்போதே தலைமையாசிரியர்கள் சொல்லிவிட வேண்டும் என்று இந்தப் பக்கத்தின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி உங்கள் வழியைப் பார்ப்போம். மூன்றாண்டு செவிலியர் பட்டயப் படிப்பு, அதாவது ஜி.என்.எம்., உங்களுக்குத் திறந்திருக்கிறது. நர்சிங் கவுன்சில் விதிப்படி அதற்குப் பிளஸ் டூவில் 40 விழுக்காடும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் வேண்டும். சுகாதாரம் சார்ந்த தொழிற்கல்விப் பிரிவில் படித்தவர்களையும் அது ஏற்கிறது. பட்டயம் முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்துகொண்டபின், இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்கில் சேரலாம். அதற்குப் பிளஸ் டூ இயற்பியல் வேண்டாம். பட்டயமும் பதிவும்தான் தகுதி. மொத்தம் ஐந்தாண்டு. நேரடியாகப் பட்டப்படிப்பில் சேர்பவரைவிட ஓராண்டு கூடுதல். ஆனால் மூன்றாம் ஆண்டு முடிவிலேயே நீங்கள் பதிவு பெற்ற செவிலியர். சம்பளம் வாங்கிக்கொண்டே மேற்படிப்புக்குப் பணம் சேர்க்கலாம். அப்படிப் படித்து எம்.எஸ்சி. முடித்து இன்று நர்சிங் கல்லூரிகளில் பாடம் நடத்தும் ஆசிரியைகள் பலரை நான் அறிவேன்.

நீங்கள் பள்ளியில் கற்ற செய்முறை வீண்போகாது. வெப்பநிலை, நாடி, சுவாசம், ரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்து அட்டவணையில் குறிப்பதும், நோயாளி படுத்திருக்கும்போதே படுக்கை விரிப்பை மாற்றுவதும் பட்டய வகுப்பின் முதல் மாதங்களிலேயே வரும். மற்றவர்கள் கை நடுங்க அவற்றைப் பழகும்போது உங்களுக்கு அது தெரிந்த வேலையாக இருக்கும்.

மகன் கணிதம், கணினி அறிவியல் பிரிவில் 600-க்கு 521 எடுத்திருக்கிறான். இப்போது நர்சிங் படிக்க விரும்புகிறான். உயிரியல் படிக்காததற்கு ஏதாவது வழி இருக்கிறதா? ஆண் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களா?
– ஒரு தந்தை, கோவை

ஆண்களும் சேரலாம், நர்சிங் கவுன்சிலின் தகுதி விதியில் பாலினத் தடை இல்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் மனநல மருத்துவமனையிலும் எலும்பு முறிவு வார்டிலும் ஆண் செவிலியர்களின் தேவை அதிகம். உறவினர்கள் என்ன சொல்வார்கள் என்று தயங்காமல் அவனை வாழ்த்தி அனுப்புங்கள்.

உயிரியல்தான் இடிக்கிறது. 521 மதிப்பெண் என்பது நல்ல மதிப்பெண். ஆயினும் உயிரியல் இல்லாதவரை அது பட்டப்படிப்புக்கு உதவாது. மேலே சொன்ன பட்டயப் படிப்பு வழி அவனுக்கும் பொருந்தும். இன்னொன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பிளஸ் டூவை அறிவியல் பாடங்களோடும் ஆங்கிலத்தோடும் எழுதுவது. அந்தத் தேர்ச்சியை நர்சிங் கவுன்சில் விதி ஏற்கிறது. உயிரியல் ஒன்றை மட்டும் தனியே எழுதி இரண்டு மதிப்பெண் பட்டியல்களை ஒட்டவைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். என் கருத்து, இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் எல்லாம் ஒரே பட்டியலில் வருமாறு முழுமையாக எழுதுவதே பாதுகாப்பானது. பதிவுக் கட்டணம் கட்டும் முன் தேர்வுக் குழுவுக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாநில வாரியம் அல்லாத மற்ற வாரியங்களில் படித்தவர்கள், சி.பி.எஸ்.இ. உட்பட, அந்தப் பல்கலைக்கழகத்தில் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மகளின் ஆதார் அட்டையில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் பின்னால் இருக்கிறது. சாதிச் சான்றிதழில் பெயரின் ஆங்கில எழுத்து ஒன்று மாறியிருக்கிறது. சான்றிதழ் சரிபார்ப்பில் நேரில் விளக்கிச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்களா?
– ஒரு தந்தை, தர்மபுரி

நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். விண்ணப்பம் இணையவழியில் போகிறது. நீங்கள் பதிவேற்றும் நகலைப் பார்த்துத்தான் முதலில் பரிசீலிக்கிறார்கள். சாதிச் சான்றிதழில் ஐயம் எழுந்தால், உரிய ஒதுக்கீடு இல்லாமல் பொதுப் பிரிவில் மட்டும் பெயர் வந்துவிடும் ஆபத்து இருக்கிறது. தரவரிசைப் பட்டியல் வெளியான பிறகு ஓடிப் பயனில்லை.

இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை ஐந்தையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பி, மகளை உட்கார வைத்து, அவள் பெயர், உங்கள் பெயர், பிறந்த தேதி மூன்றையும் எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மௌனமாகப் பார்த்தால் கண் தானாகவே சரியாக வாசித்துவிடும். வாய்விட்டுப் படித்தால்தான் பிழை மாட்டும். வேறுபாடு தென்பட்டால் மதிப்பெண் பட்டியலில் உள்ளதையே மூலமாக வைத்து மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுங்கள். தேர்வுத் துறையில் மதிப்பெண் பட்டியலைத் திருத்துவதற்கு நெடுநாள் ஆகும். சாதிச் சான்றிதழையோ இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பித்துப் பெற்றுவிடலாம். ஆதாரையும் அப்படியே திருத்திவிடலாம். இனிஷியல் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் பெரிய சிக்கலில்லை. பெயரின் எழுத்து மாறியிருப்பதை மட்டும் விட்டுவைக்காதீர்கள்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தவுடன் சான்றிதழ் கையில் வந்துவிடாது. கிராம நிர்வாக அலுவலர் பார்த்து, வருவாய் ஆய்வாளர் பரிந்துரைத்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்புதலாக வேண்டும். முடிவுகள் வெளியாகும் மாதத்தில் ஊரே இதே வேலையாக வரிசையில் நிற்கும். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் பழையதை நம்ப வேண்டாம். குடும்பத்தில் தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் எவரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழையும் இப்போதே வாங்கிவிடுங்கள். வெளிமாநிலத்தில் சில வகுப்புகள் படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழும் சேரும். பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது தேவையான அளவு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தை வீட்டிலேயே பத்திரப்படுத்துங்கள்.

2021-இல் பிளஸ் டூ முடித்தேன். அந்த ஆண்டு பொதுத் தேர்வே நடக்கவில்லை. பின்னர் திருமணமாகி, இப்போது ஒரு குழந்தை இருக்கிறது. நான் சேரலாமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

சேரலாம். திருமணமானவர்களும் தகுதியுடையவர்கள் என்று விதிமுறையிலேயே எழுதியிருக்கிறார்கள். குறைந்தபட்ச வயது, சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17. அதை நீங்கள் கடந்துவிட்டீர்கள். 2021-இல் பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூவிலிருந்து 30 விழுக்காடு எடுத்துக் கணக்கிட்டு அரசு வழங்கிய மதிப்பெண் பட்டியல் முழு மதிப்புடையது. தேர்வு எழுதாமல் தேறியவள் என்று நீங்களே உங்களைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் யோசிக்க வேண்டியது வருகைப் பதிவைப் பற்றித்தான். தேர்வு எழுத வகுப்பிலும் செய்முறையிலும் 80 விழுக்காடு வருகை வேண்டும். பட்டம் பெறும் முன் மருத்துவமனைப் பயிற்சி நேரத்தை நூறு விழுக்காடு நிறைவு செய்தாக வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று விடுப்பெடுத்தால் அந்த நேரத்தைப் பின்னர் ஈடு செய்ய வேண்டும். அதிகாலையிலும் இரவிலும் பணி முறை வரும். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள உறுதியாக ஒருவர் இருக்கிறாரா என்பதைக் கணவரோடும் மாமியாரோடும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

எனக்கு நிறக்குருடு இருக்கிறது. சிவப்பும் பச்சையும் சில நேரம் குழம்பும். மருத்துவத் தகுதிச் சான்றிதழ் கேட்பார்களாமே, அதில் நிராகரித்துவிடுவார்களா?
– ஒரு மாணவர், நாகர்கோவில்

நிறக்குருடு இருப்பவர்களும் தகுதியுடையவர்களே. நிறத்தைச் சரிசெய்யும் கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ அணிய வேண்டும் என்பதே நிபந்தனை. விதிமுறையில் இது தெளிவாகவே இருக்கிறது. சேர்க்கைக்கு முன்பே ஒரு கண் மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்து, குறை எந்த அளவு என்பதை அறிந்து, அந்த அறிக்கையையும் கையில் வைத்திருங்கள். மறைத்துவிட்டுச் சேர்வது உங்களுக்கும் நல்லதன்று, நோயாளிக்கும் நல்லதன்று. உதடும் நகக்கண்ணும் நீலம் பாய்வதைக் கண்டுதான் பல நேரம் செவிலியர் ஆக்சிஜன் குறைவை முதலில் உணர்கிறார். சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையில் நிறம் மாறுவதைப் பார்த்துத்தான் சர்க்கரையைக் குறிக்கிறார். உங்களுக்கு எந்த நிறம் தடுமாறும் என்று உடன் பணியாற்றுபவர்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்கள் துணைநிற்பார்கள்.

இதே போல, காலில் குறைபாடு உள்ளவர்களும் கேட்டிருக்கிறார்கள். கீழுடலில் 40 முதல் 50 விழுக்காடு வரை இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தனி ஒதுக்கீடே இருக்கிறது. மருத்துவக் குழு பரிசோதித்து அந்த அளவை உறுதி செய்ய வேண்டும்.

மருத்துவத் தகுதியோடு சேர்ந்த இன்னொரு செய்தி: ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி. மூன்று தவணை, முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. ஊசியையும் ரத்தத்தையும் கையாளும் படிப்பு என்பதால் கல்லூரி கேட்கட்டும் என்று காத்திராமல் முதல் தவணையை இப்போதே போட்டுக்கொள்வது நல்லது.

பெங்களூருவில் நர்சிங் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி முகவர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். அசல் சான்றிதழ்களையும் முன்பணத்தையும் கேட்கிறார். வகுப்புக்குத் தினமும் போக வேண்டியதில்லை, தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்றும் சொன்னார். நம்பலாமா?
– ஒரு தந்தை, ஓசூர்

தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும் என்று சொன்ன இடத்திலேயே அந்தப் பேச்சை முடித்துவிடுங்கள். பி.எஸ்சி. நர்சிங்கை அஞ்சல் வழியிலோ வார இறுதி வகுப்பிலோ படிக்க முடியாது. நோயாளியின் அருகில் நிற்காமல் செவிலியர் பட்டம் பெற்ற ஒருவரிடம், நாளை நம் வீட்டுக் குழந்தையின் கையில் ஊசி குத்தும் பொறுப்பை ஒப்படைக்க நமக்கு மனம் வருமா? அப்படிப்பட்ட பட்டத்தை உங்கள் மகளுக்கும் வாங்கித் தராதீர்கள்.

பெங்களூருவில் நல்ல கல்லூரிகள் பல உண்டு. கர்நாடகத்தில் அவை ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டவையாகவோ தனிப் பல்கலைக்கழகங்களாகவோ இருக்கும், தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு வேண்டும். எந்த மாநிலமானாலும் அந்த மாநிலச் செவிலியர் கவுன்சிலின் அங்கீகாரமும் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் நான்காண்டு படித்தாலும் பதிவு கிடைக்காது, பதிவு இல்லாமல் வேலை கிடைக்காது. இணைப்புக் கடிதம் நடப்பு ஆண்டுக்கு உரியதா என்று பாருங்கள். கல்லூரியின் விளம்பரத் தாளை நம்பாமல், பல்கலைக்கழகம், கவுன்சில் இரண்டின் பட்டியல்களிலும் அதன் பெயரைத் தேடுங்கள்.

பிறகு நேரில் போங்கள். முகவரோடு போகாதீர்கள், நீங்களும் மகளும் மட்டும், வேலை நாளில், முற்பகல் 11 மணி அளவில் போங்கள். கட்டடத்தையும் கணினி அறையையும் காட்டுவார்கள். "பயிற்சி மருத்துவமனை எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரிக்குக் குறைந்தது நூறு படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை இருக்க வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற அளவில் பயிற்சி இருக்க வேண்டும் என்பது நெறிமுறை. அந்த மருத்துவமனையின் வார்டு வரை நடந்து போய்ப் பாருங்கள். படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா, விரிப்பு மடிப்புக் கலையாமல் காலியாகக் கிடக்கிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சீருடையில் நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவி யாரிடமாவது, பிரசவ வார்டில் எத்தனை நாள் பயிற்சி கொடுத்தார்கள் என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். அவள் சொல்லும் பதில் எந்த விளம்பரத்தையும்விட உண்மையானது.

அசல் சான்றிதழ்களை முகவரிடம் கொடுக்கவே கூடாது. சரிபார்த்தபின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரியே தன்னிடம் நிறுத்தி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. அப்படியிருக்க, வழியில் வந்த ஒருவரிடம் அவற்றை ஒப்படைப்பானேன்? பணத்தைக் கல்லூரியின் வங்கிக் கணக்கில் மட்டும் கட்டி, கல்லூரிப் பெயரில் ரசீது வாங்குங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். உயிரியலில் 86 மதிப்பெண். கலந்தாய்வில் இடம் கிடைத்தால் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்குமே என்று பயமாக இருக்கிறது. சேரலாமா, பட்டயப் படிப்பே போதுமா?
– ஒரு மாணவி, ராமநாதபுரம்

இடம் கிடைத்தால் பட்டப்படிப்பிலேயே சேருங்கள். உயிரியலில் 86 எடுத்தவருக்கு உடலின் இயக்கம் ஏற்கனவே புரிந்திருக்கிறது. புதிதாக வரப்போவது கலைச்சொற்கள்தான். முதல் பருவத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், நர்சிங் அடிப்படைகள் ஆகியவற்றோடு ஆங்கிலத் தொடர்புத் திறனும் ஒரு பாடமாகவே இருக்கிறது. தமிழ்வழியில் வந்த மாணவிகள் முதல் ஆறு மாதம் திணறுவார்கள், உண்மைதான். ஆனால் வார்டுக்குப் போனதும் நிலைமை மாறும். "நெஞ்சுல பாரமா இருக்கு", "அடிவயிறு சுருட்டிப் பிடிக்குது" என்று நோயாளி சொல்வதை உள்ளபடி வாங்கி, சரியான இடத்தைக் கேட்டுக் குறிப்பதில் அவர்களே முந்துகிறார்கள்.

வகுப்புகள் தொடங்க இன்னும் சில வாரங்கள் இருக்கும். பிளஸ் ஒன் விலங்கியல் பாடநூலின் தமிழ்ப் பதிப்பு உங்களிடம் இருக்கிறது. அதன் ஆங்கிலப் பதிப்பை அரசின் பாடநூல் இணையதளத்திலிருந்து கட்டணமின்றி இறக்கிக்கொள்ளுங்கள். ரத்த ஓட்டம், சுவாசம், கழிவுநீக்கம், நரம்பு மண்டலம் ஆகிய பாடங்களை மட்டும் எடுத்து, இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படியுங்கள். பொருள் முன்பே தெரிந்ததால் ஆங்கிலச் சொல் தானாக வந்து உட்காரும். இதயத்தின் படத்தை வெறும் கோடாக வரைந்து, பாகங்களின் பெயரை ஆங்கிலத்தில் பார்க்காமல் எழுதிப் பழகுங்கள். முதல் பருவத் தேர்வில் பாதி பயம் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதால், 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் நீங்கள் உரியவர். மாணவர்களுக்கு இதே போலத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் வந்தது. இதற்காக வெளியே எங்கும் பணம் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டாம். கல்லூரியில் சேர்ந்தபின் அங்குள்ள பொறுப்பு அலுவலர் மூலமாகவே விண்ணப்பம் போகும். பள்ளியில் உங்களுக்குக் கொடுத்த எமிஸ் எண்ணை, அதாவது மாணவர் அடையாள எண்ணை, மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அன்றே குறித்துக்கொண்டு, உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கை ஆதாருடன் இணைத்து வையுங்கள்.